சித்தி கட்டிய பாத்தி

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உருளை இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்பதுதான் அங்கே வழக்கம். இவள் மட்டும் தனியாக மடிப்பாள். ஓர் ஓரத்தைத் தாடையால் அழுத்திப் பிடித்து, இரண்டு கையையும் விரித்து ஓர் உதறு உதறினால் போதும், விளிம்பும் விளிம்பும் கோடு போட்ட மாதிரி வந்து சேர்ந்துகொள்ளும். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி செய்யப் போய், விரிப்புக்குள் தாங்களே சுற்றிக்கொண்டு நிற்பார்கள்.

"கல்யாணம் ஆகாம இருந்து பாருங்கடி, எல்லாம் ஒத்தையா செய்ய வந்துடும்" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

நாற்பது வயதை எட்டிப் பார்க்கும் நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். மருத்துவமனை லிஃப்ட் மாடிக்கும் தரைக்கும் நடுவே நின்றுவிடும் போதெல்லாம் கருவிப்பெட்டியோடு வந்து போனவர். முதல் மனைவி நோயில் போய்விட்டாள். ஒரு பெண் குழந்தை. மனிதர் தங்கம்தான், கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும் என்பது போல எப்போதும் மூடியே வைத்திருப்பார். மடிப்பக்காவுக்கு அப்போது அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சலவைக்கூடத்து இயந்திரங்களின் இரைச்சலில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு, பேசாத ஒரு மனிதர் கிடைத்தது ஓய்வு போலத்தான் இருந்தது.

குழந்தையை வீட்டில் சுண்டு என்பார்கள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று அவள் அத்தை வைத்த பெயர். அம்மா போனபிறகு சுண்டுவை வளர்த்ததும் அந்த அத்தைதான். அத்தைக்கு இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வேலை தேடி ஆளுக்கொரு திசையில் போய்விட்டவர்கள். காலியாகிக் கிடந்த வீட்டில் சுண்டுவுக்குத் தலைவாரி, பாடம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, அந்த அம்மாள் மறுபடியும் ஒரு தாயாகி இருந்தாள். தம்பி இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு குழந்தையை அழைத்துப் போக வந்தபோது, அவள் துணிகளை எடுத்துக் கொடுத்தாள், செருப்பை எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. மடிப்பக்காவைப் பார்த்து மட்டும், "சூடா இருந்தா சாப்பிட மாட்டா, ஆற வச்சுக் குடு" என்றாள். அது அக்கறையா எச்சரிக்கையா என்று மடிப்பக்காவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சித்தி என்கிற சொல்லே ஒரு மாதிரியானது. அம்மாவின் தங்கையைச் சொன்னால் வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும். அப்பாவின் இரண்டாம் மனைவியைச் சொன்னால், கேட்கிறவர்கள் உடனே குழந்தையின் உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுண்டு அந்தச் சங்கடத்துக்கே இடம் வைக்கவில்லை. மடிப்பக்காவை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது லேசான திறமை இல்லை. பசித்தால் அடுப்பைப் பார்த்து, "பசிக்குது" என்பாள். பேனா தீர்ந்துபோனால் சுவரிடம் சொல்வாள். மடிப்பக்காவும் சுவர் சொன்னதாக எடுத்துக்கொண்டு பேனா வாங்கி மேசையில் வைத்துவிடுவாள். இப்படி ஒட்டியும் ஒட்டாமலும் குடும்பம் நடந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து சுண்டு ஒரு காகிதக் கோப்பையைக் கொண்டுவந்தாள். வகுப்பில் எல்லோரும் விதை போட்டார்களாம். இவளுடைய தக்காளி நாற்று கோப்பையை மீறி வளர்ந்து, தண்டு சாய்ந்து, வேர் அடிக்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பின்வாசலில் நின்று முற்றத்தைப் பார்த்தாள். முற்றம் முழுக்கச் சிமெண்டுத் தளம். ஒரு பிடி மண் கிடையாது.

"இதுக்கு மண்ணு வேணும்" என்றாள். இந்தத் தடவை சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக மடிப்பக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மடிப்பக்காவுக்குச் செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளை நிலவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடிப் போயிருப்பாள். அடுத்தநாள் வேலைக்குப் போன இடத்தில் விசாரித்தாள். தளத்தை உடைக்க வேண்டாம், மேலேயே பலகையால் நாலு பக்கமும் அடைத்து மண் கொட்டினால் போதும், மேட்டுப்பாத்தி என்பார்கள் என்று கிடங்குக்காரர் சொன்னார். சலவைத்தூள் மூட்டைகளை அடுக்கி வரும் மரத்தட்டுகள் கிடங்குக்குப் பின்னால் வீணாகக் கிடந்தன. கேட்டவுடனே எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்.

அடுத்து வந்த சனிக்கிழமைகள் எல்லாம் அந்த முற்றத்திலேயே கழிந்தன. தட்டுகளிலிருந்து பலகைகளைப் பெயர்ப்பது அவள் நினைத்ததுபோல் இல்லை. ஆணிகள் துருவேறிக் கிடந்தன. கணவரின் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கியை எடுத்து அவள் நெம்ப, சுண்டு மறுமுனையில் ஏறி உட்கார்ந்து கனம் கொடுப்பாள். ஆணி விடுபடும்போது பலகை கீச்சென்று கத்தும். சுண்டு அதே மாதிரி கத்திக் காட்டுவாள். பிடுங்கின ஆணிகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, அதற்குத் தானே அதிகாரி என்று அறிவித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியாம ஒரு ஆணியும் வெளிய போகக் கூடாது" என்பாள்.

பலகைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். நாலு மூலைக்கும் கட்டை நிறுத்தி ஆணி அடித்தார்கள். முதல் பெட்டி கோணிக்கொண்டு நின்றது. "இது பெட்டியா, பட்டமா?" என்று சுண்டு கேட்டாள். பிரித்து மறுபடியும் அடித்தார்கள். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும் என்று பலகைக்கு அடியில் ஓட்டுத்துண்டுகளை வைத்துக் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள். உள்ளே உடைந்த செங்கல், அதன்மேல் கிழித்த அட்டை, அதற்கும் மேல் தெருவில் கூட்டிவந்த காய்ந்த இலை. சுண்டு இலைகளுக்குள் இறங்கி மிதித்தாள். மிதித்துக்கொண்டே, அம்மாவுக்குத் தும்மல் வந்தால் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் என்றும், அப்போது அப்பா எண்ணுவார் என்றும், எதற்கும் சம்பந்தமில்லாமல் சொன்னாள். அந்த வீட்டில் அந்த அம்மாவைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. மடிப்பக்கா கையில் வைத்திருந்த அட்டையைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்த்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம்.

அன்றைக்குச் சாயந்திரம் கைகழுவும்போது, "சித்தி, சோப்பு" என்றாள் சுண்டு. சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் திடுக்கிட்டு நின்றாள். மடிப்பக்கா சோப்பை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மண் வந்தது. லாரிக்காரர் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார். அதைப் பக்கவாட்டுச் சந்து வழியாக வாளி வாளியாகப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கணவர் காலையிலேயே ஏதோ அடுக்குமாடி லிஃப்ட் நின்றுவிட்டதென்று கிளம்பியிருந்தார். மடிப்பக்கா பெரிய வாளியில் அள்ளிக்கொண்டு போனாள், சுண்டு தன் விளையாட்டு வாளியில் ஒரு கைப்பிடி போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குவியல் பாதி குறையும் வரைக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் பாத்தியில் கொட்ட ஒரு வாளியைக் குனிந்து தூக்கும்போது மடிப்பக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வருடக்கணக்காக ஈரத்துணி தூக்கின இடுப்பு. நிமிரவும் முடியாமல் குனியவும் முடியாமல் முற்றத்தில் கிடந்த இன்னொரு காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு, சுவரோரம் நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும் கண்ணு, மீதியை அப்பா வந்து பாத்துப்பாரு."

"நீங்க உக்காருங்க சித்தி. நான் கொண்டு வர்றேன். நான்தான் மண் அதிகாரி."

"அந்தப் பெரிய வாளி வேண்டாம்."

"பாதிதான் போடுவேன். பாருங்க."

போனாள், வந்தாள். தலையெல்லாம் மண். மூக்கைத் துடைத்த இடத்தில் மீசை. இரண்டு கையாலும் வாளியை இழுத்துக்கொண்டு வந்து பாத்தியில் கொட்டிவிட்டு, ஒரு பெரிய மேஸ்திரி மாதிரி இடுப்பில் கைவைத்து நிற்பாள். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தாலும் சிரித்தாள்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். வருவதாகச் சொல்லவில்லை. வாசலில் மண்ணைப் பார்த்துவிட்டுச் சந்து வழியாகவே வந்திருக்கிறாள். அவள் கண்ணில் பட்டது இதுதான்: நிழலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற இரண்டாம் மனைவி, வெயிலில் மண் சுமக்கிற முதல் மனைவியின் குழந்தை.

மடிப்பக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "வாங்க அண்ணி" என்றாள் உட்கார்ந்தபடியே. அதுவும் தப்பாகப் போயிற்று.

அத்தை சுண்டுவின் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கைப்பிடி அழுத்தின இடம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. பலகைச் சிராய் ஏறின பழைய கீறல் ஒன்று பக்கத்திலேயே. கன்னத்தில் தொட்டு மண்ணைத் துடைத்தாள்.

"யாரு கண்ணு உன்னைத் தூக்கச் சொன்னா?"

சுண்டு அத்தையைப் பார்த்தாள். திரும்பி மடிப்பக்காவைப் பார்த்தாள். அத்தை வருவதற்கு முன்னால் வரை அவளும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அத்தை கேட்டுவிட்டாளோ என்கிற கலவரம் அவள் முகத்தில் ஓடியது. அம்மா போன வீட்டில், அத்தையை விட்டுவிட்டு வந்த வீட்டில், இன்னொருத்தியோடு சந்தோஷமாக இருந்து பிடிபட்டவளின் முகம் அது. அது மடிப்பக்காவுக்கு அப்போதே புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்.

"அவங்கதான்" என்றாள் சுண்டு.

அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை உள்ளே கூட்டிப்போய்க் குளிப்பாட்டினாள். தம்பிக்குப் போன் போட்டாள். மடிப்பக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து உள்ளே வந்தபோது, சுண்டு தலை துவட்டி, வேறு உடுப்பு போட்டு, அத்தையின் மடியில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் கணவர் வந்தார். கையில் கிரீஸ் கறை. கூடத்தில் நின்றபடியே கேட்டார்.

"ஏன் அவளைத் தூக்க வச்சே?"

"நான் தூக்க வைக்கலை. எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. வேண்டாம்னுதான் சொன்னேன், அவளா ஆசையா செஞ்சா."

"அப்ப குழந்தை பொய் சொல்லுதா?" என்று அத்தை கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பிள்ளையை மறுபடியும் நடுவில் நிறுத்தி இரண்டு பேரும் விசாரிப்பார்கள். மடிப்பக்கா சுண்டுவைப் பார்த்தாள். முகம் தெரியவில்லை, ஈரத்தலை மட்டும்தான் தெரிந்தது. தோள் குலுங்கியது. கணவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்குள் நுழையும்போது அந்த இரண்டு பேரின் சிரிப்பை அவர் கேட்டிருக்கிறார். ஒருநாள் பாத்திக்குப் பக்கத்தில் நின்று, இந்த ஆணி சரியில்லை என்று வேறு ஆணி எடுத்துக்கொடுத்ததுகூட அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

பரீட்சை முடியும் வரைக்கும் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பரீட்சை முடிந்து லீவு வந்தது. லீவுக்கு இங்கே வந்து தனியாக எதற்கு என்றார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. அத்தை வீட்டிலிருந்து பஸ் வசதி என்றார்கள். கணவர் வாரம் ஒருமுறை போனார், பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை போனார். மடிப்பக்காவை யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

இடுப்பு சரியானதும் மீதி மண்ணை அவளே சுமந்து கொட்டினாள். காகிதக் கோப்பை நாற்றை நடுவில் வைத்தாள். பக்கத்தில் கீரை விதையும் முள்ளங்கி விதையும் தூவினாள். தக்காளி நன்றாகவே வந்தது. குச்சி நட்டுக் கட்டிவிட வேண்டியிருந்தது. காய்த்துப் பழுத்ததும், நல்லதாகப் பார்த்துப் பறித்து ஒரு பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்தாள்.

"சுண்டுகிட்ட குடுங்க. அவ செடிதான்னு சொல்லுங்க."

அவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் கேட்டாள்.

"என்ன சொன்னா?"

"நல்லா இருக்குன்னா."

அந்தச் சீசன் முழுக்க இப்படியே போயிற்று. பறித்துக் கொடுப்பாள், கேட்பாள், நல்லா இருக்குன்னா என்பார். ஒருநாள் கூடவே கொஞ்சம் சேர்த்து, "ஏன் சின்னதா இருக்குன்னு கேட்டா" என்றார். மடிப்பக்கா அதற்காகக் கிடங்குக்காரரிடம் கேட்டு மட்கின எரு வாங்கிவந்து போட்டாள். வேலை செய்யும் இடத்தில்கூடச் சொன்னாள்: எங்க வீட்டுப் பொண்ணு தக்காளி சின்னதா இருக்குன்னு குறை சொல்றா.

மருத்துவமனை லிஃப்டைப் பார்க்க வந்த இன்னொரு மெக்கானிக், அவள் கணவரோடு வேலை செய்யும் பையன், ஒருநாள் சலவைக்கூடத்து வாசலில் அவளைப் பார்த்து நின்றான். "அக்கா, உங்க வீட்டுத் தக்காளி சூப்பர். எங்க ஆபீஸ் வாட்ச்மேன் எல்லாருக்கும் பங்கு வச்சுக் குடுக்கிறாரு. அண்ணன் வாராவாரம் கொண்டாந்து அவர்கிட்ட குடுத்துடறாரு" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டுக் கேட்டாள்.

"வாட்ச்மேன் என்ன சொன்னாரு? சின்னதா இருக்குன்னாரா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அங்க கொண்டு போனா அக்கா ஏதாவது நினைப்பாங்க. எதுக்குப் பிரச்சினைன்னு" என்றார்.

"சுண்டு கேட்டான்னு சொன்னீங்களே."

"நீ சந்தோஷப்படுவேன்னு."

மடிப்பக்கா எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இவ்வளவு நேரம் பேசியது கிடையாது.

"எந்தக் கட்டடத்துலயாவது யாராவது உள்ள மாட்டிக்கிட்டா, சாப்பிட்ட கையை உதறிட்டு ஓடறீங்க. யாரு என்னன்னு கேக்கறதில்ல. அன்னைக்கு இந்தக் கூடத்துல நான் மாட்டிக்கிட்டு நின்னேன். உங்களுக்கு எல்லாம் தெரியும். கை கழுவப் போயிட்டீங்க. நான் அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன், அவங்க கண்ணால பாத்ததைச் சொன்னாங்க. பொண்ணையும் சொல்ல மாட்டேன், அது பச்சைப் புள்ள. உங்களைத்தான் சொல்றேன்."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "இப்ப என்ன பண்ணச் சொல்றே?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். சாப்பிடுங்க."

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, பழுத்த பழம் நாலைந்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். சுண்டு உயரமாகியிருந்தாள். முன்பற்கள் புதிதாக முளைத்திருந்தன. மடிப்பக்காவைப் பார்த்ததும் கூட வந்த பிள்ளைகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு, மதில் ஓரமாக வந்தாள். பழத்தை வாங்கி, கழுவாமல் கொள்ளாமல் அப்படியே கடித்தாள். சாறு சீருடையில் வழிந்தது.

"என்னோடதா?"

"உன்னோடதுதான்."

இன்னொன்றையும் தின்றாள். அப்புறம் சீருடையில் கறையைப் பார்த்தாள், முகம் மாறியது. "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். மீதிப் பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மறுவாரமும் மடிப்பக்கா போனாள். அத்தையே வந்து வாசலில் நின்றிருந்தாள். கறையைப் பார்த்துக் கேட்டிருப்பாள், பிள்ளை மறைத்திருக்காது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மடிப்பக்கா பையோடு திரும்பி நடந்தாள். அதன்பிறகு போகவில்லை.

வருடங்கள் போயின. கணவர் ஸ்கூட்டர் வாங்கினார். பாத்தியை எடுத்துவிட்டால் நிறுத்த வசதியாக இருக்கும் என்று ஒருமுறை சொன்னார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நிறுத்திக்கொண்டார். பலகை உளுத்துப்போன இடங்களில் வேறு பலகை அடித்தாள். கீரை போட்டாள், மிளகாய் போட்டாள். விளைந்ததை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சுண்டு கல்லூரிக்குச் சேரும் வருடம், அப்பாவின் கையெழுத்து வாங்க ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். வளர்ந்த பெண். வந்தவள் தண்ணீர் குடித்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். மடிப்பக்கா அடுப்படியிலிருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் வச்சிருக்கீங்களா?" என்றாள் திரும்பாமலே.

"ம்."

"அன்னைக்கு அத்தை வந்தப்ப..." என்று ஆரம்பித்தாள் சுண்டு. "அன்னைக்கு நான்..."

இந்த வார்த்தைக்காக மடிப்பக்கா எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். விரிப்பு மடிக்கும்போதெல்லாம் இதே வாக்கியத்தை அந்தப் பிள்ளையின் குரலில் தனக்குத் தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதற்குத் தான் சொல்லப்போகும் பதிலையும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"கை கழுவிட்டு வா. சாப்பாடு ஆறுது" என்றாள்.

சுண்டு திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் வாயெடுத்தாள். மடிப்பக்கா தட்டுகளை எடுத்துச் சத்தமாக மேசையில் வைத்தாள். சுண்டு வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவும் பெண்ணும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள்.

பின்னால் இதைக் கேள்விப்பட்ட சலவைக்கூடத்துத் தோழி, "பெரிய மனசு உனக்கு. சின்னப் பொண்ணு சங்கடப்படக் கூடாதுன்னு தடுத்துட்டே" என்றாள்.

"பெரிய மனசா?" என்றாள் மடிப்பக்கா. "சொல்லிட்டா அவளுக்குப் பாரம் இறங்கிடும்டி. இறங்க வேண்டாம்னுதான் தடுத்தேன்."

தோழி கையிலிருந்த விரிப்போடு அப்படியே நின்றாள். மடிப்பக்கா அடுத்த விரிப்பை இழுத்தாள். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.